பெரியம்மா மகன்

இருந்தவர்கள்: யுக்-லின், ஹாங்காங் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். விங்-சாங், டிராம் ஓட்டுபவர். மிஸ் செங், நர்ஸ் விடுதி வார்டன். விடுதியின் முன்னறை, 1960-களில் ஒரு சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், சாயங்காலம்.

யுக்-லின்: ...மெதுவாப் பேசுங்க. வார்டன் பக்கத்துலதான் இருக்காங்க.

விங்-சாங்: இன்னைக்குக் கல்யாணமான எல்லாப் பொண்ணும் புருஷனைக் கூட்டிக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போறா. உங்கம்மா வாத்து சமைச்சு வச்சுட்டு உக்காந்திருக்காங்க.

யுக்-லின்: டியூட்டின்னு சொல்லிடுங்க.

விங்-சாங்: சொல்லிட்டேன்... ஒரே ஒரு ராத்திரி என் அறைக்கு வாயேன். தினமும் ரெண்டு பேருக்குச் சோறு வடிக்கிறேன். மறுநாள் மிச்சத்தையும் நானே திங்கிறேன்.

யுக்-லின்: கல்யாணமானவள்னு தெரிஞ்சா நிரந்தர வேலை போயிடும். மாசத்துக்கு மாசம் தற்காலிகம்னு வச்சுப்பாங்க. இத்தனை வருஷ சர்வீசுக்கும் பென்ஷன் கிடையாது.

விங்-சாங்: உங்க ஆபீஸ் கிளார்க்குக்கு ரெண்டு பெண்டாட்டி. அவனுக்கு உண்டா?

யுக்-லின்: அவன் ஆம்பளை. மூணாவது கட்டினாலும் உண்டு.

விங்-சாங்: சிரிக்காத.

யுக்-லின்: வேற என்ன பண்ண? நேத்து ஒரு சின்னப் பொண்ணு, போன மாசம் கல்யாணமானவ, எனக்குச் சிவப்பு உறையில பணம் குடுத்தா. "சீக்கிரம் உங்களுக்கும் ஆகட்டும் அக்கா"ன்னா. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

விங்-சாங்: உன் பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம்?

யுக்-லின்: நாலு... உஷ்! சரி அண்ணா, பெரியம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க.

மிஸ் செங்: தங்கச்சியை விட்டுக் கிளம்ப மனசே வராதே உனக்கு! நேரமாச்சு, பூட்டணும்.

விங்-சாங்: கிளம்பிட்டேன், மிஸ் செங். புது வருஷம் நல்லா இருக்கட்டும். இந்தாங்க.

மிஸ் செங்: உறையா! அதுவும் ரெண்டு. ஏம்ப்பா, கல்யாணமானவங்கதானே ஆகாதவங்களுக்குக் குடுப்பாங்க? புருஷன் பேர்ல ஒண்ணு, பெண்டாட்டி பேர்ல ஒண்ணு. உனக்குத்தான் பொண்ணே அமையலன்னியே?

விங்-சாங்: அது... டிராம் ஷெட்ல எல்லாருக்கும் குடுத்து... கை பழகிப்போச்சு...

மிஸ் செங்: ஓ. அப்போ உனக்குக் கல்யாணமானது ஷெட்டுக்குத் தெரியும்.

யுக்-லின்: மிஸ் செங்... மேலிடத்துல மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.

மிஸ் செங்: எழுந்திருடி. நீ இதைத் திருப்பி வாங்கிக்கப்பா. கல்யாணமாகாதவங்கதான் வாங்கணும், நான் வாங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம் ஆச்சு. அவர் சாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியாப் போய்க் கடைசி வரிசையில நின்னேன். அடுத்த மாசம் எனக்குப் பென்ஷன். கூட உக்காந்து சாப்பிடத்தான் ஆளில்ல... என்னடி பாக்கற? நீயும் போ அவனோட. விடிஞ்சதும் சமையல்கட்டு வழியா வா. நகரு, கதவைப் பூட்டறேன்.