நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி

— என்னைப் போய் டாக்டரம்மான்னு கூப்பிடாதீங்கண்ணே. மருந்து எழுதற பெரியவர் உள்ள இருக்கார். நான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறவ.

— எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. என் தங்கச்சி கணக்கு என்ன சொல்லுது? மூட்ட எறக்கிட்டு நேரா வர்றேன், கண்ணு சொருகுது. சுருக்கா சொல்லுங்க.

— போன வாரம் தங்கச்சி ஒரு வெளையாட்டு ஆடினாங்கல்ல? திரையில நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி. ஏதாவது ஒண்ண அழுத்தணும்; காசு விழலாம், இல்ல இருக்கற காசும் போகலாம். முந்நூறு தடவை.

— தெரியும். கூடத்தான இருந்தேன்.

— எப்ப எதை அழுத்தினாங்கன்னு வெச்சு, மூளைக்குள்ள எந்தப் பாதை எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல செஞ்சு பார்த்தோம். காசு விழுந்தா அந்த மூளை கண்டுக்கவே இல்லண்ணே. போனா மட்டும் ஆணி அடிச்ச மாதிரி பதியுது.

— மூட்டைய எறக்கின பெறகும் தோள் கனக்குமே, அப்படியா?

— அதேதான். இத்தனை வருசம் படிச்ச எனக்கே இப்படிச் சொல்ல வரல.

— என்னமோ போங்க. நல்ல சேதி வந்தாலும் உள்ள ஒண்ணும் அசையாதோ?

— அசையாது.

— தண்டவாளத்தத் தாண்டறப்ப, ரயில் வர்றது தெரிஞ்சும் கால் நின்னுடுமா?

— நிக்கலாம். தங்கச்சி உங்ககிட்ட அப்படி ஏதாவது சொன்னாங்களா?

— அவளா? நேத்து என் மீசையப் பார்த்துட்டு, தொடப்பக்கட்டைய எதுக்கு மூஞ்சில மாட்டியிருக்கேன்னு கேக்கறா.

— வெளிய அப்படித் தெரியும்ணே. கணக்குப்படி மனச்சோர்வு மோசமா இருக்கு. நாளையிலேர்ந்து மருந்த ரெண்டு மடங்காக்கணும்னு பெரியவர் சொல்லிட்டார்.

— ரெண்டு மடங்கா? இப்ப குடுக்கறதுக்கே மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்கறாளே.

— வேற வழி இல்ல. இப்படி ஒரு மூளைய சும்மா விட்டுட்டு எங்களால தூங்க முடியாது. இந்தாங்க பேனா, கீழ ஒரு கையெழுத்து.

— பேனாவ நீங்களே வெச்சுக்குங்க. வைதாலும் பரவால்ல, கேளுங்க. அன்னிக்கு நீங்க போன் பேச வெளிய போனீங்க. மாத்திரை மயக்கத்துல அவ இருபதாவது தடவையிலயே தூங்கிட்டா. இந்த முறை போச்சுன்னா இன்னும் மூணு மாசம் காத்துக் கெடக்கணுமேன்னு, மிச்சம் இருநூத்தி எண்பதையும் நான்தாம்மா அழுத்தினேன்.