சொந்த இங்கிலீஷ்

— மூணாவது பாராவுல ஒரு தப்பு கூட இல்லடி இனியா. ஒண்ணாவது போடு.

— எங்க போடறது?

— எங்கயாவது போடு. நான் எழுதினா வரிக்கு ரெண்டு தானா வந்து உக்காருது. உனக்கு இன்னாடான்னா யோசிச்சும் வரல.

— மெதுவாப் பேசு சினேகா. லேப்ல யாரோ இருக்காங்க.

— எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. இந்தப் படிக்கட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. மிஸ் இன்னா சொன்னாங்க, அப்படியே சொல்லு.

— "இது ப்ளஸ் டூ பொண்ணு எழுதற இங்கிலீஷ் இல்ல. மூணு மணிக்குள்ள உன் சொந்த இங்கிலீஷ்ல நாலு பக்கம் எழுதிக் குடு. இல்லன்னா ஜீரோ"ன்னாங்க.

— ஜீரோன்னா?

— ப்ராஜெக்ட் முடிக்கலன்னா ஹால் டிக்கெட் கிடையாதாம். அப்பாவக் கூட்டிட்டு வரணுமாம்.

— வந்தா வரட்டுமே.

— எங்கப்பாவுக்கு ஒரு சாக்கு போதும். கீழ்பென்னாத்தூர் அத்தை ரெண்டு தடவை பூ வாங்கிட்டு வந்துட்டாங்க, அவங்க பையனுக்குக் கேட்டு. "பரீட்சை முடியட்டும்"னு அம்மாதான் தள்ளித் தள்ளி வெச்சிருக்குது. பரீட்சையே இல்லன்னா?

— ஐயோ, சரி சரி. யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு மிஸ் கேட்டாங்களா?

— கேக்கல. அவங்களே சொல்லிட்டாங்க. "உங்கம்மா வேலை செய்யற வீட்டு வெள்ளைக்காரம்மாதானே? இல்லன்னு சொன்னா இப்பவே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பறேன்"ன்னாங்க.

— நீ இன்னா சொன்ன?

— தலையாட்டிட்டேன்.

— நல்லதாப் போச்சு. ஒத்துக்கிட்டா கோவம் கம்மியாயிடும். ஆனா உனக்கு புத்தி வேணாம்? நம்ம கிளாஸ் மொத்தமும் ப்ரௌசிங் சென்டர் அண்ணன்கிட்ட வாங்குச்சு. மொத பக்கத்துல பேர மட்டும் மாத்திக் குடுப்பாரு. என்னுது குளோபல் வார்மிங். என்னோட சேர்த்து ஒம்பது பேருக்கு குளோபல் வார்மிங். மிஸ் எல்லாருக்கும் இருபதுக்குப் பதினெட்டு போட்டுட்டாங்க.

— உங்களையெல்லாம் கேக்கலயே, ஏன்?

— எல்லாருதும் ஒரே மாதிரி இருக்குதில்ல. தனியா நிக்கறதத்தான கேப்பாங்க. விடு. நல்லவேளை, ரஃப் நோட்டாவது உன்கிட்ட இருக்குது. இதென்ன, இவ்ளோ அடிச்சு அடிச்சு எழுதியிருக்க? அவங்க சொல்லச் சொல்ல எழுதினியா?

— நேரம் ஆவுது சினேகா. அடுத்த பாராவுக்கு வா.

— இரு, மொதல்ல இது எதப் பத்தின்னு தமிழ்ல சொல்லு. இந்த இங்கிலீஷ் எனக்குப் புரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க இருக்கேன்.

— பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்க செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நடக்கறாங்க இல்ல. திரும்பி வந்து எடுக்காத செருப்பெல்லாம் என்ன ஆவுதுன்னு.

— செருப்பா! அண்ணாமலையாரே, ஊர்ல வேற ஒண்ணும் கெடைக்கலயா?

— தைப்பூசத்துக்கு மறுநாள் காலைல அடி அண்ணாமலை கோயில் வாசல்ல மட்டும் நானூத்திப் பன்னண்டு கெடந்துச்சு.

— யாரு எண்ணினாங்க?

— நான்தான்.

— அப்ப செருப்பு உன்னுது, இங்கிலீஷ் அவங்களுது.

— இத என்ன பண்றது, இந்த ராணியம்மாள் பாரா?

— யாரு அவங்க?

— எங்க தெருதான். விடியறதுக்குள்ள எல்லாத்தையும் பொறுக்கி, கழுவி, ஜோடி சேர்த்து சந்தையில விப்பாங்க. ஒத்தச் செருப்ப மட்டும் விக்கவும் மாட்டாங்க, தூக்கிப் போடவும் மாட்டாங்க. ரெண்டு கோணி நெறைய கட்டி வெச்சிருக்காங்க.

— எதுக்காம்?

— நானும் கேட்டேன். "ஒத்தக் கால்ல வந்து மலை சுத்திட்டுப் போனானா? இன்னொண்ணு எங்கனா கெடக்கும், வரும்"ன்னாங்க.

— ஏய்... நல்லா இருக்குதுடி.

— வெச்சுக்கட்டுமா?

— அடி.

— இப்பத்தான் நல்லா இருக்குதுன்ன.

— நல்லா இருக்கறதாலதான மாட்டிக்கிட்ட. அடிடி. ஒரு கோடு போட்டா போதாது, முழுசா அடி. பாத்தா திரும்ப எழுதிடுவ. அந்த எடத்துல மலை உயரம் போடு. கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் போடு. ராஜகோபுரம் எத்தினி நிலைன்னு போடு.

— அது எல்லாருக்கும் தெரியுமே.

— தெரிஞ்சதச் சொன்னாத்தான் மிஸ்ஸுக்கு நம்பிக்கை வரும். சரி, "பியூட்டிஃபுல்" எத்தினி வந்திருக்குது?

— ஒண்ணும் இல்ல.

— நாலு பக்கத்துல ஒண்ணு கூடவா இல்ல? உருப்படும்! மலைக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, குளத்துக்கு ரெண்டு போடு.

— குளத்துல தண்ணியே இல்ல.

— இங்கிலீஷ்ல இருக்கட்டும். கடைசியில "நமது பண்பாட்டைக் காப்போம்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அவ்ளோதான், எழுது.

— சினேகா.

— இன்னா?

— கை வர மாட்டேங்குது.

— அழாதடி. தாள்ல விழுது பாரு. சரி, விழட்டும், மை பரவினா சொந்தமா எழுதின மாதிரி இருக்கும். எழுது தாயே, உன் கால்ல விழறேன். உனக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட எனக்கு இப்ப ஆசை இல்ல.

— தேதி?

— பிப்ரவரி பன்னண்டு, ரெண்டாயிரத்து மூணு. அந்த வருஷத்தையாவது தப்பா எழுதேன். சரி வேணாம், ரொம்ப ஜாஸ்தியாப் போயிடும்.

— ஒரு பக்கம் ஆச்சு.

— இன்னும் மூணு. நான் பேசல. எழுது.

— சினேகா, "பியூட்டிஃபுல்" அஞ்சு வந்துடுச்சு.

— இருக்கட்டும் இருக்கட்டும். ரெண்டே முக்கால். கடைசி வரி போட்டியா? எழுந்திரு, மிஸ் வர்றாங்க.

— யாரது படிக்கட்டுல? சினேகா, உனக்கு இங்க என்ன வேலை?

— ஒண்ணும் இல்ல காமேஸ்வரி மிஸ். இனியாவுக்குத் துணைக்கு மிஸ்.

— துணைக்கு மட்டும்தானே? எழுதிக் குடுக்கலயே?

— எனக்கு எழுத வந்தா நான் ஏன் மிஸ்...

— சரி, வாயை மூடு. இனியா, முடிச்சிட்டியா? குடு.

— இந்தாங்க மிஸ்.

— ம். ம். பாரு, முதல் வரியிலயே தப்பு. மலையும் பியூட்டிஃபுல், குளமும் பியூட்டிஃபுல். இதான் உன்னோடது. படிக்கும்போதே தெரியறதே.

— ஆமா மிஸ்.

— தப்பு இருக்கலாம், அது பரவாயில்ல. பொய் இருக்கக் கூடாது. உண்மையா உழைச்சதுக்காக பதிமூணு போடறேன். ஹால் டிக்கெட் வாங்கிக்கோ. அப்பா வர வேண்டாம்.

— தேங்க்ஸ் மிஸ்.

— அழாதே. உன்னைத் திட்டினேனே தவிர, நீ காலைல குடுத்ததை நான் கிழிச்சுப் போடலை. அந்த ஒத்தச் செருப்பு பாராவைப் படிச்சுட்டு அரை மணி நேரம் எனக்கு வேற பேப்பர் திருத்த முடியலை. ஹெட்மாஸ்டர்கிட்டயும் காட்டினேன். பள்ளி ஆண்டு மலர்ல முதல் கட்டுரையாப் போடலாம்னார். எழுதிக் குடுத்த அந்த வெள்ளைக்காரம்மா பேர் என்ன?

— சில்வியா மேடம், மிஸ்.

— அவங்க பேர்லதான் போடணும், அதான் நியாயம். நீ ஒண்ணு செய். போட்டுக்கலாம்னு அவங்களையே இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதித் தரச் சொல்லி, வாங்கிண்டு வெள்ளிக்கிழமை வந்துடு. அதை நாலு தடவை படி. இங்கிலீஷ்னா எப்படி இருக்கணும்னு உனக்கும் புரியும்.

— சரி மிஸ்.

— கிளாஸுக்குப் போங்க ரெண்டு பேரும்.

— போயிட்டாங்க. ஏய் இனியா, தப்பிச்சோம்டி! பதிமூணு! உங்க அத்தை பூவ தலையில வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போவட்டும். இன்னாடி, செலை மாதிரி நிக்கற?

— வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் வேணுமாம்.

— கேட்டா அவங்க குடுக்க மாட்டாங்களா?

— குடுப்பாங்க. என்ன ஏதுன்னு கூட கேக்க மாட்டாங்க, கையெழுத்து போட்டுடுவாங்க.

— அப்புறம் இன்னா?

— அவங்க இத்தாலிக்காரங்க சினேகா. இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவாங்க, எழுத வராது. ஒம்பதாவதுலேர்ந்து அவங்க லெட்டரெல்லாம் நான்தான் எழுதறேன்.