பச்சை அடித்த தெரு

டீ நன்றாக இருந்தது, சார். தனியாக இருப்பவனுக்கு அடுத்தவர் கையால் ஒரு டீ கிடைப்பது பெரிய விஷயம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பேச்சுத்துணை என்றால் அந்த மெஷின்தான். போனில் சத்தம் கேட்டால் கரண்ட் பில்லாக இருக்கும்.

கீழ்வீட்டுப் பெண்ணின் அப்பாவுக்கு ஞாபகமறதி. அவர் காணாமல் போன அன்று, தேடுவதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். மாலைக்குள் இருநூறு பேர். தையல்காரர், டியூஷன் டீச்சர், படியில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற வங்கிக்காரர்கூட வந்து சேர்ந்தார். தெருக்களைப் பிரித்து மேப் போட்டது நான். தேடி முடித்த தெருவுக்குப் பச்சை அடித்ததும் நான். "அண்ணா, அடுத்து எங்க போகட்டும்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தப் பெண், "நீங்க மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்ணா" என்று எழுதினாள். சந்தோஷமாக இருந்தது, சார். பொய் சொல்வானேன்.

மூன்றாம் நாள், மூடிக்கிடக்கும் அச்சகத்தின் பின்கட்டில் அவரைப் பார்த்தேன். கால் உடைந்து கிடந்தார்.

"தம்பி, எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்யா. வந்துக்கிட்டே இருக்கா."

செய்தியை டைப்கூட அடித்துவிட்டேன். அனுப்பியிருந்தால், ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அழித்துவிட்டேன். அந்தத் தெருவுக்குப் பச்சை அடித்தேன். அதன்பிறகு அங்கே யாரும் போகவில்லை.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தினமும் தண்ணீர், பன், காய்ச்சல் மாத்திரை எல்லாம் கொண்டுபோனேன். நம் தெருக் கடைப் பெயர் போட்ட பன் கவர்களை அங்கேயே போட்டுவிட்டு வந்தது என் அசட்டுத்தனம், இல்லையென்றால் போலீஸ்காரர் நீங்கள் என்னிடம் வந்திருக்க மாட்டீர்கள். போகும்போதெல்லாம், "பொண்ணு வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார். ஏழாம் நாள் கேட்கவில்லை.

பிறகுதான் இடத்தைக் குழுவில் போட்டேன். இரண்டு நாள் ஒரே அழுகை, ஆறுதல், எனக்கு நன்றி. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வங்கிக்காரர் படியில் மறுபடி பழையபடி ஆகிவிட்டார். கடைசியில் அந்தப் பெண்ணும், ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியேறிவிட்டாள்.

மனுஷர்கள் அப்படித்தான், சார். காரியம் முடிந்தால் கைகழுவிவிடுவார்கள். சந்தேகமிருந்தால் என் போனைத் திறந்து பாருங்கள். அந்தப் பெரியவருக்காகக் கடைசிவரை குழுவில் நின்றவன் நான் ஒருத்தன்தான்.