கன்சம்ப்ஷன் என்று ஒரு பெயர்

"இங்கிலீஷில அந்த வருத்தத்துக்குப் பழைய பேர் கன்சம்ப்ஷனாம். ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டு முடிக்கிறது எண்டு அர்த்தமாம்."

பாபகூரா போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவர் யாழ்ப்பாணம், முதியோர் இல்லப் பணியாளர் சீருடையில் இருந்தார். பக்கத்திலிருந்தவர் பேச்சு மதுரைப் பக்கம். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் இந்த வெளிநாட்டு ரயிலில் தமிழ் காதில் விழுந்தால் யார்தான் விடுவார்கள்?

"எந்த வியாதியக்கா?"

"டீபி. நாங்கள் கசம் எண்டு சொல்லுறது. நான் பார்க்கிற வெள்ளைக்காரக் கிழவி, தன்ர தங்கச்சி அதில செத்த கதையைச் சொன்னா. பின்னேரமானாக் காய்ச்சல், இருமினா ரத்தம், கடைசியில எலும்பும் தோலும். என்ர சின்னம்மாவும் அப்பிடித்தான் செத்தவ."

"அவங்களுக்கு டைபாய்டுன்னுல்ல சொன்னீங்க?"

"எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லி வளர்த்தது. நேற்று அம்மாவுக்கு போன் எடுத்துக் கேட்டன். ஓம், கசம்தான் எண்டா."

"அய்யய்யோ! அப்பவே மருந்து வந்திருச்சேக்கா?"

"இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஊருக்குத் தெரிஞ்சிடும், பேசி வச்ச கலியாணம் குழம்பிடும் எண்டு அறைக்குள்ளயே வச்சிருந்தவை."

"அடப்பாவிகளா! யாரு கல்யாணம்?"

ரயில் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கதவுகள் திறந்து மூடின.

"அம்மாவின்ர. 'கொண்டு போயிருந்தா இண்டைக்கு நீ ஏதடி?' எண்டு என்னையே கேட்டா."