வழியனுப்ப வந்தவர்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர், பணிமனை மேலாளர் அவர்களே! ஓடாத வண்டியையும் ஓட வைக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களே! நான் தொண்டை கிழியக் கத்தினாலும் படிக்கட்டில் தொங்குவதையே தொழிலாகக் கொண்ட தம்பிகளே! இடம் கிடைக்காவிட்டாலும் இன்முகம் மாறாத தாய்மார்களே! எல்லோருக்கும் இந்த எளிய நடத்துநரின் இதயம் கனிந்த வணக்கம்!

முதியோருக்குத் தோள்கொடுத்த தொண்டன் என்று என்னைப் பாராட்டினீர்கள். அத்தனையும் தவறு! நான் செய்தது உதவியா? இல்லை ஐயா, இமாலயச் சொதப்பல்!

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலை. வண்டி கிளம்பும் நேரம். படிக்கட்டருகே எழுபதைக் கடந்த பெரியவர், இரு கைகளிலும் பை. ஏறவும் இல்லை, விலகவும் இல்லை. எனக்கு மனம் பொறுக்குமா? பையை வாங்கினேன், அவரைத் தூக்கினேன், ஜன்னலோரம் உட்கார வைத்தேன், விசில் ஊதினேன். எல்லாம் ஒரே மூச்சில்!

“தம்பி, நான் வரல...”

“கூச்சப்படாதீங்க பெரியவரே, உங்களுக்கு இல்லாத சீட்டா!”

கைதட்டுகிறீர்களா? அவசரப்படாதீர்கள், பின்னால் வருந்துவீர்கள்.

தெருமுனை திரும்பியதும் அவர் அலறினார். “யோவ், ஊருக்குப் போறது என் சம்சாரம்யா! கடையில பிஸ்கட் வாங்கிட்டு நிக்கிறா. நான் வழியனுப்ப வந்தவன்!”

ஒருவழிப் பாதை, வண்டி திரும்ப வழியில்லை. நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடினேன். அந்த அம்மா பிஸ்கட் பொட்டலத்தோடு பரிதவித்து நின்றார்.

“மன்னிச்சிடுங்கம்மா, ஐயாவை வண்டியில ஏத்திட்டேன்.”

“எந்த வண்டியில?”

“நீங்க போற வண்டியிலதான்.”

என் கையை இறுகப் பிடித்தார். “உக்காந்துட்டாரா?”

“ஜன்னலோரமா.”

“உனக்குப் புண்ணியமாப் போகும் தம்பி, இறக்கி விட்டுடாத!”

விஷயம் இதுதான். மகள் தன் விருப்பப்படி மணந்துகொண்ட நாள் முதல், அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று பெரியவருக்கு ஆறு வருட வீம்பு. மாதந்தோறும் பேத்திக்குப் பை நிறைய அடுக்குவார், படிக்கட்டு வரை சுமப்பார். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மாட்டார்.

“ஆறு வருஷமா கெஞ்சியும் ஏறாத மனுஷனை ஒரே இழுப்புல ஏத்திட்டியேப்பா!” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஓடினார். பின்னால் ஓடிய என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை!

ஏறியவர் கணவர் அருகில் உட்கார்ந்தார். பெரியவரோ எழுந்து நின்றார். கதவுக்கு நான்கே அடி. ஓட்டுநர் ஹாரனை மறந்தார், நாற்பது பேரும் மூச்சை மறந்தார்கள். மறுபடியும் பிடித்து அமுக்கிவிடலாமா? என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்றுதான் முதன்முறையாக ஒரு முதியவரிடம் கேட்டேன். “ஐயா, இறங்குறீங்களா? கதவைத் திறக்கட்டுமா?”

கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மெல்ல உட்கார்ந்தார்.

“டிக்கெட் குடுப்பா. ரெண்டு.”

வண்டியே அதிர்ந்தது! நீங்கள் இப்போது தட்டுவதெல்லாம் எம்மாத்திரம்!

கடைசி நிறுத்தத்தில் தாயை அழைக்க வந்த மகள், முதலில் இறங்கியவரைப் பார்த்து “அப்பா” என்றாள். அவர் இரு பைகளையும் அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பிடித்து நின்ற பேத்தி கேட்டாள்: “இவருதான் தாத்தாவா?”

அன்பானவர்களே! தூக்கி வைக்க முதுமை என்ன மூட்டையா? முடிவெடுக்கத் தெரிந்த மனமல்லவா? தோள் கொடுங்கள், துணை நில்லுங்கள், தூக்கியும் விடுங்கள், ஆனால் முதலில் கேளுங்கள்! அவரை வண்டியில் ஏற்றியது என் கை. மகள் வாசலுக்கு அவர் போனது தானே கேட்டு வாங்கிய டிக்கெட்டில்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. நாளை என் வண்டிக்கு வாருங்கள். கேட்டுவிட்டே கை பிடிப்பேன். வணக்கம்!