மாஸ்டரோட நாலாவது சாப்டர்

...அதுக்கு மேல நான் என்னதான் சார் செய்யறது? கட்டின புருஷன், மாசக்கணக்கா ஒரே பக்கத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு பாலிஷ் போட்டுக்கிட்டே இருந்தா? ஆடாதீங்க. தாடையை அந்தத் தட்டு மேல நல்லா வைங்க, நெத்தி ஒட்டியிருக்கணும். ஆங், அப்படித்தான். பதில் சொல்லாதீங்க சார், வாய் அசைஞ்சா தலை அசையும், தலை அசைஞ்சா பவர் தப்பாக் காட்டும். நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும். அந்தப் பச்சைப் புள்ளியையே பாருங்க.

எங்க விட்டேன்... ஆங், பாலிஷ். என் வீட்டுக்காரர் நகராட்சி நீச்சல் குளத்துல மாஸ்டர் சார். சின்னப் பசங்களுக்கு இல்ல, உங்க வயசு, என் வயசுல கத்துக்க வர்றவங்களுக்கு. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் வந்து, "நான் டாக்டர் ஆகப்போறேன்"னு நிக்கறாரு. ஊசி போடற டாக்டரா இருந்தாலாவது வீட்டுக்கு உபயோகம்! இது ஆராய்ச்சி டாக்டர். அதுவும் ஆன்லைன்ல. காலேஜும் இல்ல, கேன்டீனும் இல்ல, எங்க டைனிங் டேபிள்தான் யுனிவர்சிட்டி. நானும் பொண்ணும் மடியில தட்டை வச்சுக்கிட்டு சோஃபாவுல சாப்பிடறோம், ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் கூடாதாம்.

பாடம் நடந்த வரைக்கும் ஆளைப் பாக்கணுமே! தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி உக்காந்துருவாரு. இடுப்புக்குக் கீழ நீச்சல் டிராயர், அது வேற விஷயம். ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா கூடப் படிக்கறவங்க முகம். "மாஸ்டர், உங்க அசைன்மென்ட் பிரமாதம்"னு யாராவது சொல்லிட்டா அன்னைக்குப் பாத்திரமெல்லாம் அவரே கழுவுவாரு.

அப்புறம் வந்துச்சு பாருங்க, இந்தத் தீசிஸ். பாடம் முடிஞ்சுது, கட்டம் கட்டமா இருந்த முகமெல்லாம் ஒவ்வொண்ணா அணைஞ்சு போச்சு. "இனி நீங்களாச்சு, உங்க ஆய்வாச்சு"ன்னு சொல்லிட்டாங்களாம். கையைப் பிடிச்சு ரோட்டைக் கடக்க வைக்கறேன்னு கூட்டிட்டுப் போயி, நட்ட நடு ரோட்டுல கையை விட்ட மாதிரி. மிச்சம் இருந்தது ஆராய்ச்சிக்கு வழிகாட்டற கைடு ஒருத்தங்கதான். அந்தம்மா எந்த ஊர்ல இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியாது. நமக்கு விடியும்போது அவங்களுக்கு அந்தி சாயுதாம், அவ்வளவுதான் தெரியும்.

கண் சிமிட்டலாம் சார், தாராளமா சிமிட்டுங்க. தண்ணியா கொட்டுது பாருங்க.

முதல்ல நீச்சலைப் பத்தி ஆராய்ச்சின்னாரு. அவ்வளவு பெருசு ஆகாது, சுருக்குங்கன்னாங்க. பெரியவங்க நீச்சல் கத்துக்கறதுன்னாரு. இன்னும் சுருக்குங்க. கத்துக்க வந்துட்டுப் பயத்துல பாதியில நின்னு போறவங்கன்னாரு. சரின்னாங்க. வேடிக்கை என்னன்னா, ஆராய்ச்சி சுருங்கச் சுருங்கத் தலைப்பு நீண்டுக்கிட்டே போச்சு! இப்ப அதை ஒரே மூச்சுல சொல்லணும்னா அவரை மாதிரி மூச்சு அடக்கப் பழகியிருக்கணும்.

பேட்டி எடுக்க ஆள் தேவைப்பட்டுச்சு. நான் சொன்னேன், "என்னைவிடத் தண்ணிக்குப் பயந்தவ உங்களுக்கு எங்க கிடைப்பா? நான் தலைக்கு ஊத்திக்கறதே சொம்புலதான். என்னைக் கேளுங்க, வண்டி வண்டியாச் சொல்றேன்." அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? "எதிக்ஸ் கமிட்டி ஒத்துக்காது, நீ என் பெண்டாட்டி." பாத்தீங்களா நியாயத்தை? சமைக்கப் பெண்டாட்டி வேணும், துவைக்கப் பெண்டாட்டி வேணும், பயப்பட மட்டும் வெளியாள் வேணுமாம்!

சரி, வெளியாளுங்க வந்தாங்க. டைனிங் டேபிள்ல உக்காந்து பேசிட்டுப் போனாங்க. அவங்க போனப்புறம்தான் சார் எனக்குத் தண்டனை. பேசினதையெல்லாம் போட்டுக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பாரு. "அப்பத்தான் மூக்குல தண்ணி ஏறிடுச்சு மாஸ்டர்"... நிறுத்துவாரு. திருப்புவாரு. "மூக்குல தண்ணி ஏறிடுச்சு மாஸ்டர்"... மறுபடி. எங்க பொண்ணு ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல அதையே முணுமுணுத்திருக்கா.

தலையை எடுத்துக்கலாம். கழுத்து வலிக்குதா? இந்த டெஸ்ட் ஃப்ரேமைப் போட்டுக்கங்க. கனமாத்தான் இருக்கும். எழுந்திரிக்காதீங்க, எதிர்ல எழுத்தைப் பாருங்க. பேச வேண்டாம், தெரிஞ்சா கையை மட்டும் தூக்குங்க.

மூணு சாப்டர் முடிஞ்சுது. நாலாவதுதான் முக்கியமாம், பேட்டியில கண்டுபிடிச்சதை எழுதறது. அங்க நின்னாரு மனுஷன். கேட்டா, "கைடு இன்னும் பதில் போடல." அடுத்த வாரம் கேட்டா, "அந்தம்மாவுக்கு ஆயிரம் வேலை." மாசம் போச்சு. இவரு சும்மா இருக்க முடியாம ஃபேனைக் கழட்டித் துடைச்சாரு. சமையல் ரூம் டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினாரு. உப்புக்கு 'உப்பு'ன்னு! அது உள்ள தெரியற கண்ணாடி டப்பா சார். மிச்ச நேரத்துல முதல் சாப்டரைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு காற்புள்ளியை எடுப்பாரு, சாயங்காலம் அதையே திரும்ப வைப்பாரு.

எனக்கு அந்தக் கைடம்மா மேல வந்த கோவம் இருக்கே... திட்டாத திட்டு இல்ல. வயசான காலத்துல ஒரு மனுஷனை இப்படி அலைக்கழிக்கறாளே, கல் நெஞ்சுக்காரின்னு போற வர்றவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். என் நாத்தனார் வேற ஃபோன் போடும்போதெல்லாம், "என்ன, தம்பி டாக்டர் ஆயிட்டானா, இல்ல பேஷன்டாவே இருக்கானா?"ன்னு கேப்பாங்க. எனக்கு எரியும்.

ஒரு நாள் இவரு காய்கறி வாங்கப் போயிருந்தாரு. லேப்டாப் டேபிள் மேல கிடந்து அலறுது. நிறுத்தலாம்னு எதையோ அமுக்கினேன். பொசுக்குனு ஒரு முகம்! அந்தக் கைடம்மாவேதான். நரைச்ச தலை, சளி பிடிச்ச மூக்கு, கழுத்தைச் சுத்தி மஃப்ளர். நான் பதறிப்போயி, "வணக்கம், அவர் வெளிய போயிருக்காரு"ன்னேன். அந்தம்மா என்னையே பாத்துட்டு, "அவர் நல்லா இருக்காரா?"ன்னாங்க. அவ்வளவு மெதுவா கேட்டாங்க சார். "நானும் சாப்டர் அனுப்புங்க, அனுப்புங்கன்னு எழுதிக்கிட்டே இருக்கேன். ஒரு பதிலும் இல்ல. உடம்புக்கு ஏதாவது ஆகிப்போச்சோன்னு பயந்துதான் நேரா கூப்பிட்டேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மாசக்கணக்கா நான் வாய் ஓயாமத் திட்டின அம்மா அங்க உக்காந்து என் புருஷனுக்காகக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்காங்க. பதில் போடாதது அவங்க இல்ல, நம்ம ஆளு.

கையைத் தூக்கறீங்க, எந்த வரி தெரியுது? ஓ, பாத்ரூமா? இருங்க, முடிஞ்சிடும். முடியப்போற நேரம்தான்.

அன்னைக்குச் சாப்பிடும்போது ஒண்ணுமே தெரியாத மாதிரி கேட்டேன், "கைடு பதில் போட்டாங்களா?" தட்டைப் பாத்துக்கிட்டே, "ம்ஹூம்"னாரு. நான் சார், நாள் பூரா அடுத்தவங்க கண்ணையே பாத்துக்கிட்டிருக்கறவ. என் கிட்டயே கண்ணை ஒளிக்கறாரு! சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தா ஃபேனை மறுபடி கழட்டியிருப்பாரு. அதனால மறுநாள் காலையில இந்தக் கண்ணாடிக் கடைக்கு லீவு விட்டுட்டு நேரா நீச்சல் குளத்துக்குப் போயிட்டேன்.

ஆமா, நான்தான்! பொண்ணோட நீச்சல் டிரெஸ்ஸு, தொப்பி, எல்லாம் போட்டுக்கிட்டு, ஆழமில்லாத பக்கத்துல இறங்கி, ஓரக் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் நடுங்கிக்கிட்டு நிக்கறாரு. நான் நடுங்கின நடுக்கத்துல அவருக்கு நடுக்கமே நின்னு போச்சு. இவரு விசில் ஊதிக்கிட்டே வர்றாரு. என்னைப் பாத்தாரு. ஊதின விசில் பாதியில அப்படியே 'ஃபீ'ன்னு அடங்கிடுச்சு.

தண்ணியில இறங்கிக் கிட்ட வந்தாரு. அவர் எல்லார் கிட்டயும் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், "பயப்படாதீங்க, இடுப்பளவு தண்ணிதான்." என் கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறாருன்னு பாத்தேன். "பயப்"னு ஆரம்பிச்சாரு. நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரம் என் கையையே பாத்தாரு. அப்புறம், "பயமா இருக்கா?"ன்னாரு.

கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல சார். "ஆமா"ன்னேன். "உங்களுக்கு?"ன்னேன். "கைடம்மா ஃபோன் பண்ணாங்க"ன்னேன்.

அவரும் ஓரக் கம்பியைப் பிடிச்சாரு. அப்புறம் மெல்லமா, "எனக்கும்தான்"னாரு.

அங்க வச்சுத்தான் சொன்னாரு. பேட்டி குடுத்தவங்க ஒருத்தர் விடாம ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. "மாஸ்டர் பயப்படாதீங்கன்னு சொன்னாரு. அப்புறம் பயமா இருக்குன்னு சொல்லவே வெக்கமாப் போச்சு. அதான் வர்றதை நிறுத்திட்டேன்." புரியுதா சார்? அவங்களை விரட்டினது தண்ணி இல்ல. இவர்தான். ஆசையா, அன்பா, வருஷக்கணக்கா இவரு சொல்லிக்கிட்டிருந்த அந்த ஒரே வார்த்தை. "இதை என் கையாலயே எப்படி எழுதறது? எத்தனை பேரு அப்படிப் போயிருப்பாங்க?"ன்னு கேட்டாரு. பேங்க் மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, பாவம், நல்ல மனுஷன்.

நான் என்ன பெருசா ஆறுதல் சொன்னேன்னு நினைக்கறீங்க? ஒண்ணுமில்ல. "எழுதாம வச்சிருந்தா போனவங்க திரும்பி வந்துருவாங்களா? எனக்குக் குளிருது, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க"ன்னேன். சிரிச்சுட்டாரு. சிரிச்சுக்கிட்டே அழுதாரு. தண்ணியில நின்னதால எது எதுன்னு யாருக்கும் தெரியல.

எழுதினாரு. இந்தத் தடவை காற்புள்ளியைப் பாக்கவே இல்ல, கடகடன்னு எழுதி அனுப்பினாரு. கைடம்மா படிச்சுட்டு, பாலிஷ் போட்ட முதல் சாப்டர்ல பாதியை வெட்டச் சொல்லிட்டாங்க! நாலாவதுல ஒரு வரியைக் கூடத் தொடல. அப்புறம் இவரே, நின்னு போனவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசினாரு. சில பேரு திட்டிட்டு வச்சுட்டாங்க. சில பேரு வந்தாங்க. ஒரு பேக்கரிக்கார அம்மா வந்து, இப்ப குளத்தோட முழு நீளத்துக்கும் நீந்திப் போய்த் திரும்பறாங்க. நானா? நான் இன்னும் கம்பிதான். என்ன அவசரம்?

ஃப்ரேமைக் கழட்டாதீங்க சார்... சரி, கழட்டுங்க. உண்மையைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கண்ணுல புதுசா ஒரு குறையும் இல்ல. பவர் அதேதான். நீங்க காது பக்கத்து ஸ்க்ரூ லூஸா இருக்குன்னு முறுக்கத்தானே வந்தீங்க? அதை நீங்க வந்தவுடனே முறுக்கியாச்சு, இதோ, என் பாக்கெட்லயே இருக்கு உங்க கண்ணாடி. என்னன்னா சார்... இந்தக் கதவுக்குப் பின்னாடி, லென்ஸ் தேய்க்கற ரூம் இருக்கு பாருங்க, அங்கதான் அவர் உக்காந்திருக்காரு. வீட்டுல நெட்டு சரியா வரலைன்னு இங்க வந்துட்டாரு. வைவா நடக்குது, அதான், கடைசி வாய்மொழிப் பரீட்சை. இப்ப. கைடம்மாவும் இன்னும் மூணு பேரும் ஸ்க்ரீன்ல உக்காந்து கேள்வி கேக்கறாங்க. தனியா இந்தக் கடையில நின்னேன்னா கதவுல காதை வச்சுருவேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க. அதான்...

ஷ்ஷ். நாற்காலி நகருது. கேட்டுச்சா?

...வந்துட்டீங்களா? என்ன சொன்னாங்க? வாயைத் திறங்களேன்! ...திருத்தமா? எவ்வளவு திருத்தம்? ...ஓ, சின்னச் சின்னதா. அப்ப பாஸுன்னு அவங்க சொன்னாங்களா, இல்ல நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா? ...அவங்க வாயாலயேவா? டாக்டர்னா கூப்பிட்டாங்க? கைடம்மாவா? ...ஐயோ, இருங்க, எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணெல்லாம் மங்குது...

இந்தாங்க, இவர் முன்னாடியே சொல்லுங்க, பாவம், எவ்வளவு நேரமா உக்காந்து... சார்? எங்க அவரு? இப்ப இங்கதானே இருந்தாரு! கண்ணாடியைக் கூட வாங்கிக்காம ஓடிட்டாரா மனுஷன்? சரி விடுங்க, வருவாரு. கண்ணு தெரியாம எவ்வளவு தூரம் போவாரு.

நீங்க வாங்க. இப்படி உக்காருங்க டாக்டரய்யா. முதல்ல யாரு கேட்டாங்க, என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசமாட்டேன். சத்தியமா. வாயே திறக்கல.