முப்பத்தெட்டு வினாடி

எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உள்ளங்கையில் ஏந்த வேண்டும், பதறக் கூடாது. நாம் பதறினால் அது கடித்துவிடும். பதினோரு வருடத்தில் என்னை ஒரே ஒரு எலிதான் கடித்திருக்கிறது, அதுவும் என் தப்பு.

இன்ஸ்பெக்டர் ரம்ஷா மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் அன்புக்கரசி, வயது நாற்பத்தொன்று, அவிநாசி சாலையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர். இருகூரில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் அப்பா மாசாணமும் இருந்தோம். என் வேலையைச் சொல்லாமல் அப்பா விஷயத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டிக்குள் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களை வைத்து எலியை விடுவோம். முகர்ந்து பார்க்கும். மறுநாள் ஒரு டப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஒரு சாமானை வைப்போம். நல்ல எலி பழைய டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது, புதியதையே சுற்றிச் சுற்றி வரும். பழையதுதான் தெரிந்ததாயிற்றே, அதில் பார்க்க என்ன இருக்கிறது. எதனிடம் எத்தனை வினாடி நின்றது என்று ஸ்டாப்வாட்சில் பிடித்து எழுதுவது என் வேலை. இப்படி அடையாளம் வைத்துக்கொள்ள மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும். அதை மறிக்கிற மருந்து ஒன்று உண்டு. ஊசியில் ஏற்றினால் எலிக்கு இரண்டும் ஒன்றுதான். பழையதையும் புதிதுபோல முகர்ந்துகொண்டு நிற்கும், பாவம்.

அப்பா பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர். பண்ணையக்காரர் வீட்டுக் கைக்குழந்தையைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் மட்டும் அது கிடையாது. 'ஏ புள்ள, அதை எடு', அவ்வளவுதான். அம்மா போன பிறகு அவருக்குச் சோறு, குளியல், மருந்து எல்லாம் நான். தம்பி தமிழ்ச்செல்வன் பல்லடத்தில் கோழிப்பண்ணை சூப்பர்வைசர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். அன்றைக்குப் பார்க்க வேண்டும் அப்பாவை. "வா கண்ணு, சாப்டயா கண்ணு" என்று வாய்க்கு வாய் கண்ணுதான். பிடித்த கையை விடமாட்டார். கறிச்சோறு ஆக்கிப் போடுகிறவளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எனக்கு வயிறு எரியும். எரியவில்லை என்று எழுதினால் அது பொய்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மறதி ஆரம்பித்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது அந்த ரசாயனத்தைக் கூட்டுகிற மாத்திரை. நன்றாகவே வேலை செய்தது. தம்பி பெயர், அவன் பைக்கின் நிறம், எல்லாம் சொன்னார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் யார் என்று கேட்டால் "அட போ புள்ள" என்பார். என்னைத் தெரிகிறதா, தெரியவில்லையா? கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் தெரிந்தவள், அதனால்தான் என்னைப் பார்ப்பதில்லை. தம்பி மாதம் ஒருமுறை வருகிற புதுச் சாமான். மனசு எவ்வளவு லேசானது தெரியுமா மேடம். ஆனால் என் வேலையில் நினைப்பு மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். அந்த ரசாயனத்தை மறித்தால் அப்பா என்னைப் புதியவளாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துவிட்டால், அதுவரை என்னைத் தெரிந்துவைத்திருந்தார் என்று அர்த்தம்.

மாத்திரையை நிறுத்தினேன். எலிக்கு ஏற்றும் அந்த மருந்தில் கொஞ்சம் ஆய்வக அலமாரியிலிருந்து எடுத்து வந்து மத்தியான மோரில் கலந்தேன். அப்பாவுக்கு மோர் என்றால் உயிர். சாயந்திரம் நான் காபி கொண்டு போனதும் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. ஸ்டாப்வாட்சைக் கையிலேயே வைத்திருந்தேன். முப்பத்தெட்டு வினாடி.

"ஏனுங்க அம்மணி, நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

"இருகூருங்க" என்றேன்.

"சாப்டீங்களா?"

என் அப்பா என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாதீங்க அம்மணி, என்ன கஷ்டமோ" என்று தன் காபியை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு சோதனையை ஒரே தடவை செய்தால் செல்லாது. ஐந்து மாதம் செய்தேன். அப்பாவுக்கு நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்குப் போக முடியாமல் வயிறு உப்பிக் கத்துவார். சுவரெல்லாம் பூச்சி ஓடுகிறது என்று என் பின்னால் ஒளிந்துகொள்வார். பார்க்கச் சகிக்காது. இனி வேண்டாம் என்று காலையில் நினைப்பேன். மோர் கரைக்கும்போது, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கை தானாகப் போகும். என்னால் நிறுத்த முடியவில்லை மேடம், அதுதான் உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் காட்டி "இவரு யாருங்க அம்மணி?" என்று என்னிடமே கேட்டார். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நோய் முற்றுகிறது தமிழு என்று சொல்லி அவனுக்குச் சோறு போட்டேன்.

போன மாதம் அப்பா குளியலறையில் மயங்கி விழுந்தார். தம்பிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அங்கே என் மோர் இல்லை, பழைய மாத்திரை மறுபடி வந்தது. நான்காம் நாள் தெளிந்தார். டம்ளரில் தண்ணீரை நீட்டினேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தமிழு, இந்த அன்பு குடுக்கறது எனக்கு வேண்டாஞ்சாமி. மோருல என்னத்தையோ கலக்கிப்போடறா. நீ குடு."

"என்னக்கா சொல்றாரு?" என்று தம்பி கேட்டான். நான் டம்ளரை மேசையில் வைத்தேன். அப்பாவின் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அதற்கு மறுநாள் இறந்தார்.

நீதானே கொன்றாய் என்று கேட்டால், நான்தான். அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் தம்பி உங்களிடம் சொல்லாமல் விட்டிருப்பான், நீங்கள் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அன்பு என்று சொன்னார் மேடம். யாரும் எடுத்துக்கொடுக்காமல், அப்பா என் பெயரைச் சொன்னார்.